குறிப்பேடும் மரப்பீப்பாயும்

மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. அதனுள் பொதிந்துள்ள கல்வி வரலாறே நாம் காணத்தக்கது. 1918இல் மசதாகா தகெட்சுரு என்னும் ஜப்பானிய இளைஞர் ஸ்காட்லாந்து சென்று வேதியியல் பயின்றார். விஸ்கி வடிசாலைகளில் தொழில் பழகி, கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதினார். தாயகம் மீண்டபின் ஷின்ஜிரோ டொரீயின் யமசாகி வடிசாலையை உருவாக்க உழைத்தார். 1929இல் வெளிவந்த அதன் முதல் விஸ்கியைப் புகைமணம் மிகுதியென மக்கள் ஒதுக்கினர். டொரீ மக்கள் சுவைக்கேற்ப மென்மையை நாடி வெற்றி கண்டார். தகெட்சுருவோ கற்ற நெறி வழுவாது, 1934இல் குளிர்மிகு யோயிச்சியில் தனி வடிசாலை நிறுவினார். 1979இல் அவர் மறைந்தார். 2001இல், மரப்பீப்பாயில் பத்தாண்டு முதிர்ந்த யோயிச்சி விஸ்கி பன்னாட்டுச் சுவைத்தேர்வொன்றில் முதலிடம் பெற்றது. வித்திட்டவர் அவ்விளைச்சலைக் காணவில்லை. ஆசிரியப் பணியும் அத்தகையதன்றோ?