ஒரே கரண்டுக் கம்பி, ரெண்டு வீடு

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து வந்த நண்பர் ஒருத்தர், எங்க வீட்டு பிளக் பாயிண்டுல சொருகியிருந்த வெள்ளை டப்பாவைப் பார்த்துட்டு, "கொசு மிஷினுங்களா?"ன்னு கேட்டார். "இல்லீங்க, இன்டர்நெட்டு. கரண்டுக் கம்பியிலயே வருது"ன்னேன். சிரிச்சார், நம்பலை. அதான் அந்த டப்பாவோட கதையை எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல கரண்டு வந்த கதை. எங்க அப்பாரு காலத்துல கிணத்துத் தண்ணின்னா கவலை ஓட்டறதுதான். விடியக்காலம் எருதைப் பூட்டினா வெயில் ஏர்ற வரைக்கும் சால் ஏறி இறங்கும். 1932-ல நீலகிரியில பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. அந்தக் கரண்டுதான் கோயமுத்தூர் மில்லுகளை வளர்த்துவிட்டது. அடுத்து மேட்டூர். அணை 1934-ல முடிஞ்சு, 1937-ல மின்சாரம் வந்தது. 1957-ல மின்சார வாரியம் உருவான பிறகு கிராமம் கிராமமா போஸ்டு நட்டாங்க. எருது போயி மோட்டார் வந்தது.

அந்தக் கம்பியில கரண்டு மட்டும் போகலைங்கறது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பெரிய சப்ஸ்டேஷன் பக்கம் போனா, கம்பி உள்ளே வர்ற இடத்துல பீப்பாய் மாதிரி ஒண்ணு தொங்கறதைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேரு வேவ் டிராப். ஒரு சப்ஸ்டேஷன்காரங்க இன்னொரு சப்ஸ்டேஷன்காரங்ககிட்ட பேசறதுக்கு, தனியா போன் கம்பி இழுக்காம, உயர் அழுத்தக் கம்பியிலயே பேச்சை அனுப்புவாங்க. அந்தப் பேச்சு சேர வேண்டிய கருவிக்குப் போகாம வேற பக்கம் ஓடிடாம மறிக்கிறதுதான் அந்தப் பீப்பாய். நம்ம பாஷையில சொன்னா மடை. இப்ப பல இடத்துல ஃபைபர் வந்துடுச்சு.

இதோட வேர் நூறு வருசத்துக்கு முந்தி. அமெரிக்க ராணுவத்துல ஜார்ஜ் ஸ்கொயர்னு ஒரு அதிகாரி, ஒரே கம்பியில பல பேச்சை ஒண்ணோட ஒண்ணு கலக்காம அனுப்பலாம்னு 1910-ல செஞ்சு காட்டினார். அது டெலிபோன் கம்பி. 1920-கள்ல நியூயார்க் பக்கம் ஸ்டேட்டன் தீவுல கரண்டுக் கம்பி வழியா வீடுகளுக்குப் பாட்டு அனுப்பிப் பார்த்தாங்க. அந்த முயற்சியில இருந்து வளர்ந்ததுதான் மியூசாக்ங்கற கம்பெனி.

எப்படிக் கலக்காம போகுதுன்னு கேப்பீங்க. நம்ம வீட்டுக் கரண்டு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுது. இன்டர்நெட் டப்பா அனுப்புற சிக்னல் நொடிக்கு 20 லட்சத்துல இருந்து ஏறக்குறைய 3 கோடி தடவை வரைக்கும் ஆடுது. ரெண்டும் ஒரே செம்புலதான் ஓடுது. மெதுவா ஆடறதைத் தள்ளிவிட்டு வேகமா ஆடறதை மட்டும் டப்பா எடுத்துக்குது.

வீட்டுக்குள்ள இதைக் கொண்டு வர 2000-ல பல கம்பெனிகள் கூடி ஹோம்பிளக்னு ஒரு கூட்டமைப்பு வெச்சாங்க. 2001-ல முதல் விதிமுறை வந்தது. கம்பியில போற செய்தியை மத்தவங்க படிக்காம இருக்க அதுல பூட்டும் இருந்தது. ஆனா போட்ட பூட்டு டெஸ்ங்கற பழைய பூட்டு. 1998-லயே எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன்காரங்க ஒரு மிஷின் செஞ்சு, மூணு நாளைக்குள்ள அதை உடைச்சுக் காட்டியிருந்தாங்க. 2005-ல வந்த அடுத்த விதிமுறையில ஏஇஎஸ்ங்கற நல்ல பூட்டா மாத்தினாங்க. இன்னிக்கு பேங்க்காரங்களும் நம்பறது அதைத்தான்.

ஆனா பூட்டு எவ்வளவு நல்லதா இருந்தாலும், சாவி ஊருக்கெல்லாம் ஒண்ணுன்னா என்ன பிரயோசனம்? அந்த விதிமுறைப்படி செஞ்ச டப்பாவெல்லாம் புதுசுல ஒரே பொதுச் சாவியோட வர்றது வழக்கம். பிரிச்சுச் சொருகினதும் வேலை செய்யணும்ல, அதுக்காக. வாங்கினவங்கதான் சாவியை மாத்திக்கணும்.

நாங்க மாத்தலை. இங்கதான் எங்க வீட்டுக் கதை வருது.

எங்களுது பவானி ஆத்தோரத்துப் பழைய வீடு. மண்ணும் சுண்ணாம்பும் வெச்ச ரெண்டடிச் சுவரு. பாகம் பிரிஞ்சப்ப நடுவுல ஒரு செவுரு வெச்சு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி. கரண்டு சர்வீஸ் மட்டும் பிரியலை. தம்பி பக்கம் ஒரு சப்மீட்டர் போட்டு, பில்லை அம்மா கணக்குப் பார்த்து ரெண்டு பேர்த்துகிட்டயும் காசு வாங்குவாங்க. கெணத்துப் பங்குல வந்த தகராறுல நானும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லாம ஏழு வருசம் ஓடிப்போச்சு.

2020-ல ஊரடங்கு. பெங்களூர்ல இருந்து பையன் வந்து வீட்டுல இருந்தே வேலை பார்த்தான். ரூட்டர் முன்னால ஆசாரத்துல, அவன் ரூம்பு பொடக்காளிப் பக்கம். அந்தச் செவுத்தைத் தாண்டி வைஃபை போகலை. அப்பத்தான் அவன் ரெண்டு டப்பா வாங்கினான். ஒண்ணு ரூட்டர் பக்கம், ஒண்ணு அவன் ரூம்புல. சொருகினான், ஓடுச்சு. அதோட விட்டுட்டோம்.

ரெண்டு மாசம் கழிச்சு ரூட்டர்ல யாரார் இருக்காங்கன்னு பார்த்தவன், "ஏனுங்கப்பா, தெரியாத போன் ஒண்ணு நம்ம லைன்ல இருக்குது"ன்னான். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. மாட்டுக்கொட்டாய் கேமரா, அவன் கம்பெனி வேலை, என் பேங்க் கணக்கு எல்லாம் அதுலதான்.

யாருன்னு பார்த்தா, தம்பி பையன். பன்னெண்டாவது படிக்கிறான், ஆன்லைன் கிளாசு. அவனும் அதே மாதிரி டப்பா வாங்கி அவங்க பக்கம் சொருகியிருக்கான். கம்பி ஒண்ணு, சாவி ஒண்ணு. செவுரு வெச்சது எங்களுக்குத் தெரியும், கம்பிக்குத் தெரியுமா?

கூப்பிட்டேன். செவுத்தோரமா வந்து தலையைக் குனிஞ்சு நின்னான். "ஏஞ்சாமி, கேட்டிருந்தா குடுத்திருப்பனே"ன்னேன். "நீங்க எங்கப்பாகிட்ட பேசறதில்லீங்களே பெரியப்பா, எப்படிக் கேக்கறது"ன்னான். பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் வரலை.

அன்னிக்கே ரெண்டு டப்பாவுலயும் பட்டனை அமுக்கி எங்களுக்குன்னு தனிச் சாவி போட்டோம். ரூட்டர்ல விருந்தாளி வைஃபை ஒண்ணு வெச்சு, அந்தப் பாஸ்வேர்டை அவனுக்குக் குடுத்தோம். முன் ஆசாரத்துல உக்காந்து படிச்சான். பாடம் ஓடும், எங்க கேமரா அவனுக்குத் தெரியாது.

நீங்களும் போடறதா இருந்தா, அபார்ட்மெண்டுக்காரங்க முக்கியமாக் கேட்டுக்குங்க. மீட்டர் இருக்குதுன்னு நம்பாதீங்க, சிக்னல் அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகலாம். டிரான்ஸ்பார்மர்தான் பெரும்பாலும் மறிக்கும். சொருகின அன்னிக்கே பட்டனை அமுக்கிச் சாவியை மாத்திருங்க, ரூட்டர் பாஸ்வேர்டையும் மாத்திருங்க. டப்பாவை நேரா செவுத்து பிளக்குலயே சொருகுங்க. ஸ்பைக் பஸ்டர்லயும் யுபிஎஸ்லயும் சொருகினா சிக்னலை அது தின்னுடும். மூணு பேஸ் வீடுன்னா ரெண்டு டப்பாவும் ஒரே பேஸ்ல இருந்தா நல்லது. தோட்டத்து மோட்டார் ரூம்புக்கு இது ஆகாதுங்க. இலவச மின்சாரச் சர்வீஸ் தனி, தூரமும் அதிகம்.

தம்பி பையன் இப்ப ஈரோட்டுல காலேஜ் போறான். பில்லுக் காசை இப்ப அம்மாகிட்ட குடுக்கறதில்லை, தம்பியே கொண்டாந்து என் கையில குடுக்கறான். பெரிசா ஒண்ணும் பேசிக்கறதில்லை. "யூனிட்டு இந்தத் தடவை சாஸ்தியா?"ன்னு கேக்கறான், "ஆமா, வெயிலு"ன்னு சொல்றேன்.