நுரையீரலின் நுண்ணமைப்பு

நுரையீரலுக்குள் காற்றும் இரத்தமும் வெகு அருகில் ஓடுகின்றன, ஆனால் கலப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது என்ன என்பது தெளிவாக எழுநூறு ஆண்டுகள் ஆயின.

கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவர் இப்னு அல்-நபீஸ், 1242-இல் அவிசென்னாவின் உடற்கூற்றியலுக்கு உரை எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் துளைகள் உண்டு என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் கொள்கையை அதில் மறுத்து, வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்றார். வில்லியம் ஹார்வி 1628-இல் இரத்தச் சுற்றோட்டத்தை நிறுவினார். ஆயினும் தமனியையும் சிரையையும் இணைக்கும் நாளங்களைக் காணாமலே 1657-இல் மறைந்தார்.

அவற்றைக் கண்டவர் போலோக்னாவின் மார்செல்லோ மால்பீகி. நுரையீரல் சதைப்பிண்டம் அல்ல, மெல்லிய சவ்வறைகளின் தொகுதி என்று 1661-இல் தம் அறிவியல் நண்பர் பொரெல்லிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். பெரிய விலங்குகளில் நாளங்களின் கடைசி இழை கண்ணுக்குப் பிடிபடவில்லை. எனவே தவளையிடம் போனார். அதன் நுரையீரல் எளிய பை போன்றது. ஊதி உலர்த்தினால் ஒளி ஊடுருவும். அதை உருப்பெருக்கியில் வைத்தபோது, தமனிக்கும் சிரைக்கும் இடையே வலையாகப் பின்னிய தந்துகிகள் தெரிந்தன. சரியான விலங்கைத் தேர்ந்ததே பாதி வெற்றி.

காற்றுவழியின் கணக்கு பிறகே வந்தது. மூச்சுக்குழல் ஏறத்தாழ 23 முறை கிளைக்கிறது என்று எவால்ட் வைபெல் 1963-இல் அளந்து காட்டினார். முதல் 16 கிளைப்புகள் காற்றைக் கடத்துவன. அதன்பிறகே சுவர்களில் நுண்ணறைகள் தோன்றுகின்றன.

இந்த நுண்ணறைகளில் தந்துகிகளை மூடும் செல்படலம் உண்டா, அவை காற்றில் திறந்தே கிடக்கின்றனவா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடும் வாதம் எழுந்தது. படலத்தின் தடிமன் பல இடங்களில் 0.2 மைக்ரோமீட்டர்தான், ஒளி நுண்ணோக்கியின் எல்லையும் அதுவே. 1952-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் ஃபிராங்க் லோ, படலம் இடைவெளியின்றித் தொடர்வதைக் காட்டி வாதத்தை முடித்தார்.

படலத்தில் இருவகைச் செல்கள் உள்ளன. தட்டையான முதல் வகை பரப்பின் பெரும்பகுதியை மூடுகிறது. பருத்த இரண்டாம் வகை, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் கொழுப்புப் பொருளைச் சுரக்கிறது. அது இல்லாவிட்டால் நுண்ணறைகள் மூச்சு விடும்போதே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளிடம் இப்பொருள் குறைந்திருந்ததை 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் கண்டறிந்தனர். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளை 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா குழுவினர் 10 குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தி நல்ல பலன் கண்டனர். மாடு, பன்றி நுரையீரல்களிலிருந்து தயாரிக்கும் இம்மருந்தே இன்றும் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது.