பதினைந்து பேரும் ஓர் அறிக்கையும்

கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து அக்கா திரும்பி வந்தபோது அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே ஒரு பீங்கான் குவளை, ஒரு பேனா, டிஷ்யூவில் சுற்றிய கறிபாப். கறிபாப்பை என்னிடம் கொடுத்தாள்.

"என்னக்கா பேசினாங்க?"

"எல்லாரும் பேசினோம். பஸ் ஏறுறது, கழிவறைக் கதவு, ஓகேயூ பார்க்கிங்ல மத்தவன் காடிய போடுறது. பத்து வருஷத்துக்கு முன்னாடி பேசினதுதான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தெரிமா காசே சொன்னாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள். "முன்னாடி ஒரு பொண்ணு லேப்டாப்ல தட்டிக்கிட்டே இருந்துச்சுடா. நான் சொன்னதத்தான் எழுதுச்சா, வேற வேலையப் பாத்துச்சான்னு தெரியல. ஆலோசனைன்னா என்ன, சொல்றது நம்ம வேலை, விடுறது அவங்க வேலை."

அக்காவுக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அன்று அவள் சொன்னதை மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. ஆலோசனை மன்றம் என்றாலே எனக்கும் ஓர் இளக்காரம் உண்டு. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் 685ஆம் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய மன்றம் ஒன்று இருக்கிறது. அமைச்சர் அதற்குத் தலைவர். பல அமைச்சுகளின் தலைமைச் செயலாளர்கள் அதில் இருப்பார்கள். அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் என்று அமைச்சர் கருதும் பத்துப் பேர் வரை நியமிக்கலாம். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு அரசாங்கத்தின் மீதும் மன்றத்தின் மீதும் வழக்குத் தொடுக்க முடியாதபடி காப்பளிக்கிறது. உரிமையைச் சொல்லும் சட்டமே அந்த உரிமை மீறப்பட்டால் கேட்க வழி தராமல் விட்டிருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்து ஒருவர் என்னதான் செய்துவிட முடியும்?

இந்தக் கேள்வியோடுதான் நான் அமெரிக்க மன்றத்தின் கதைக்குள் போனேன். அந்த மன்றமே 1997இல் வெளியிட்ட வரலாற்று நூல் ஒன்று உண்டு. அரசு வெளியீடுதானே என்று அசட்டையாகத் திறந்தேன். இரண்டு இரவு தூக்கம் போனது.

1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் மறுவாழ்வுச் சட்டத்தைத் திருத்தி, உடல் ஊனமுற்றோருக்கான தேசிய மன்றத்தை உண்டாக்கியது. உறுப்பினர்கள் பதினைந்து பேர், அனைவரும் அதிபரின் நியமனம். ஒரு துறைக்குள் அடங்கிய ஆலோசனைக் குழு, அவ்வளவுதான். கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. 1981இல் ரீகன் பதவிக்கு வந்ததும் கார்ட்டர் நியமித்தவர்களை அகற்றிவிட்டுத் தன் ஆட்களை வைத்தார். அரசாங்கம் சிறுக்க வேண்டும், விதிமுறைகள் குறைய வேண்டும் என்று பேசிய கட்சியின் ஆட்கள். மாற்றுத்திறனாளி இயக்கத்தினர் இவர்களிடமிருந்து எதை எதிர்பார்த்திருக்க முடியும்? 1977இல்தான் அவர்கள் ஒரு சட்டப்பிரிவின் விதிமுறைகளுக்காக சான் பிரான்சிஸ்கோவில் அரசாங்கக் கட்டடத்துக்குள் நான்கு வாரம் போல உட்கார்ந்து போராடி வென்றிருந்தார்கள். வந்த ஆட்சி அந்த விதிமுறைகளிலேயே கைவைக்கப் பார்த்தது.

மன்றத்தின் துணைத் தலைவராக வந்தவர் ஜஸ்டின் டார்ட். அவருடைய அப்பா ரீகனின் நெருங்கிய நண்பர் வட்டத்தைச் சேர்ந்த பெரும் பணக்காரர். அப்பா பெயரால் கிடைத்த பதவி என்று யாரும் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆளின் கதை வேறு மாதிரி. 1948இல், பதினெட்டு வயதில் போலியோ. மூன்று நாள் தாங்குவார் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். பிழைத்து, சக்கர நாற்காலியோடு ஹூஸ்டனில் படித்து, ஆசிரியராக நினைத்தபோது அதற்கான சான்றிதழ் மறுக்கப்பட்டது. பிறகு வியாபாரம். ஜப்பானில் டப்பர்வேர் நிறுவனத்தை வளர்த்தவர் இவர்தான். நம் வீட்டு அலமாரிகளில் மூடி தொலைந்து கிடக்கும் அதே டப்பர்வேர். வியட்நாம் போர்க்காலத்தில் சைகோனுக்குப் போனவர், அங்கே போலியோ வந்த குழந்தைகளைத் தரையில் போட்டுச் சாகவிட்டிருந்த ஒரு காப்பகத்தைப் பார்த்தார். அங்கு ஒரு சிறுமி தன்னை நோக்கிக் கை நீட்டியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் அவருக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை.

மன்றத்தில் உட்கார்ந்த டார்ட் செய்த முதல் வேலை, எழுந்து கிளம்பியது. கௌபாய் தொப்பி, பூட்ஸ், சக்கர நாற்காலி, கூடவே மனைவி யோஷிகோ. ஐம்பது மாநிலங்களுக்கும் சொந்தச் செலவில் போய் மாற்றுத்திறனாளிகளைச் சந்தித்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டு தேசியக் கொள்கை ஒன்றை எழுத உதவினார். எந்த ஊருக்குப் போனாலும் கருணை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, உள்ளே விடு என்றுதான் கேட்டார்கள். இது ஒரு சிவில் உரிமைப் பிரச்சினை என்ற முடிவோடு அவர் திரும்பினார்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. அதே 1981ஆம் ஆண்டு, ஐ.நா. அறிவித்த உலக ஊனமுற்றோர் ஆண்டு. முந்தைய வருடம் கனடாவின் வின்னிபெக்கில் நடந்த மறுவாழ்வு நிபுணர்களின் மாநாட்டில், முடிவெடுக்கும் இடங்களில் எங்களுக்குப் பாதி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. வெளியே வந்து தங்களுக்கென்று உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் மாநாடு நடந்தது எங்கே தெரியுமா? நம் பக்கத்துச் சிங்கப்பூரில். முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பார்வையற்ற சிங்கப்பூரர் ரோன் சந்திரன் டட்லி. நம் வட்டாரத்தில் தொடங்கிய இந்தக் கதையைத் தமிழில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1984இல் மன்றம் தனி அமைப்பானது. கூடவே நாடாளுமன்றம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளித் திட்டங்களை அலசி, அவை மனிதர்களைச் சொந்தக் காலில் நிற்க விடுகின்றனவா, அரசைச் சார்ந்தே கிடக்க வைக்கின்றனவா என்று 1986 பிப்ரவரி 1க்குள் அறிக்கை தர வேண்டும். அப்போது தலைவர் சான்ட்ரா பாரினோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் அம்மா. நிர்வாக இயக்குநர் லெக்ஸ் ஃப்ரீடன், 1967இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தவர். சக்கர நாற்காலி என்பதற்காகவே ஒரு பல்கலைக்கழகம் அவரைச் சேர்க்க மறுத்திருந்தது. சட்டப் பகுதியை எழுத வந்தவர் ராபர்ட் பர்க்டார்ஃப். அவருக்கும் போலியோ, வலது கையில்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இந்த மூன்று பேரும் மற்ற உறுப்பினர்களும் ஒரு சொல்லோடு பட்ட பாடு. சிவில் உரிமை என்று எழுதினால் ரீகன் ஆட்சிக்குக் கசக்கும். நீதித்துறை அதிகாரிகளின் கண்ணை உறுத்தும். எழுதாமல் விட்டால் நாடு முழுக்கக் கேட்டதற்குத் துரோகம். கடைசியில் 'சம வாய்ப்புச் சட்டம்' என்று எழுதினார்கள். உள்ளே இருந்தது சிவில் உரிமைதான். இன்று வாசிக்கும் இளைஞர் இதைச் சமரசம் என்று சொல்லக்கூடும். நானும் இருபது வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். ஓர் ஆலோசனை மன்றத்தின் கையில் இருப்பது காகிதம் மட்டும்தான். அது மேசைக்கு மேசை நகர வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டால் அது முதல் மேசையிலேயே நின்றுவிடும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு திறமைதான்.

அறிக்கையை ரீகனிடம் நேரில் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. நாடே துக்கத்தில் இருந்ததால் சந்திப்பு ரத்து. இரண்டு நாள் கழித்துத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் இடத்து ஆளைப் பார்ப்பதில் யாருக்குத்தான் உற்சாகம் இருக்கும்? ஆனால் புஷ் அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஒரு மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஒரு மகனுக்கு வாசிப்பதில் சிரமம். ஒப்புக்கு நடக்க வேண்டிய சந்திப்பு குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. அதற்கு நான்கு வருடம் கழித்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் அவர்தான் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது.

அறிக்கையில் 45 பரிந்துரைகள். முதலாவதே அந்தச் சட்டம். அதற்கு அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் என்று பெயரும் வைத்திருந்தார்கள். பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் அறிக்கை அறிக்கையாகவே இருந்தது. மற்ற மன்றங்களின் கதை இங்கேதான் முடிந்துபோகும். இவர்கள் 1988 ஜனவரியில் அடுத்த அறிக்கை கொண்டுவந்தார்கள். அதில் பரிந்துரைக்குப் பதிலாக முழு மசோதாவையே எழுதி அச்சிட்டுவிட்டார்கள். பர்க்டார்ஃப் எழுதிய வரைவு அது. அதே ஏப்ரல் கடைசியில் செனட்டில் லோவல் வைக்கரும், மறு அவையில் டோனி கொயலோவும் அதைத் தாக்கல் செய்தார்கள். வைக்கரின் மகனுக்கு டவுன் சின்ட்ரோம். கொயலோவுக்கு வலிப்பு நோய்.

டார்ட் இதற்குள் மன்றத்தில் இல்லை. 1986இல் அவரை மறுவாழ்வுத் துறை ஒன்றின் ஆணையராக்கியிருந்தார்கள். மறு ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லப் போனவர், எழுதிக் கொடுத்த உரையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் துறையின் கோளாறுகளை வெளிப்படையாகச் சொன்னார். ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மே மாதம் மேஜர் ஓவன்ஸ் என்ற கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் அவரை ஒரு பணிக்குழுவுக்குத் தலைவராக்கினார். சம்பளம் இல்லை. டார்ட் மறுபடி தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஐம்பது மாநிலங்கள், புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் என 63 மக்கள் கூட்டங்கள், கலந்துகொண்டவர்கள் 30,000 பேருக்கு மேல். வந்தவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: உனக்கு நடந்ததை எழுதிக் கொடு. எந்த உணவகத்தில் உள்ளே விடவில்லை, எந்த நேர்காணலில் என்ன சொல்லி அனுப்பினார்கள், எந்தப் பேருந்து நிற்காமல் போனது. அவற்றை நாடாளுமன்றத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாரபட்சமா, எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

மன்றமும் டார்டும் மட்டும் சாதித்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1990 மார்ச் 12 அன்று மசோதா இழுபறியில் இருந்தபோது, அறுபது பேருக்கு மேல் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் ஊர்ந்து ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. அந்தப் படிகள் இல்லாமல் அறிக்கை நகர்ந்திருக்குமா என்பது சந்தேகம். அறிக்கை இல்லாமல் படியேறியிருந்தால் கேட்பதற்கு என்ன மசோதா இருந்திருக்கும் என்பதும் சந்தேகம்தான்.

1990 ஜூலை 26, வெள்ளை மாளிகைப் புல்வெளி. புஷ் கையெழுத்திட்டபோது மேடையில் டார்டும் பாரினோவும் இருந்தார்கள். பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஹெரால்ட் வில்கி என்ற பாதிரியார், அதிபர் கொடுத்த பேனாவைக் காலால் வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பேனாவைக் காலால் வாங்கிய கதைக்குச் சிரித்தாள். புஷ் கதையை நம்பவில்லை. டார்ட் கதையில் மட்டும் என்னை நிறுத்தினாள்.

"உண்மையச் சொன்னதுக்கு வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்களா?"

"ஆமாக்கா."

"அவருக்கு டப்பர்வேர் காசு இருந்துச்சு, ஊர் ஊராப் போனாரு. எனக்கு கிராப் கார் புடிக்கவே யோசனையா இருக்கு."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவள் சொன்னது சரிதான். அந்த நூலில் இதைப் பற்றி எங்கும் இல்லை.

போன வாரம் அடுத்த கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. இந்த முறை பேசுவதை முன்கூட்டியே எழுத்தில் தரலாம் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். அக்கா அதை இரண்டு முறை வாசித்தாள். மேசையில் காற்றில் பறக்காமல் இருக்க அந்தப் பீங்கான் குவளையை அதன்மேல் வைத்துவிட்டு, போன வருடம் பஸ் நிற்காமல் போனது எந்த மாதம் என்று என்னிடம் கேட்டாள்.