பிஞ்சு நெஞ்சில் மருந்து விளம்பரம்

அறிவொளி வீசிய நூற்றாண்டாம் அது! அந்த இங்கிலாந்தில் 1747-இல் அரச காப்புரிமை பெற்றது டாக்டர் ஜேம்சின் காய்ச்சற்பொடி. விற்றவர், சிறுவர் நூல் வெளியீட்டாளர் ஜான் நியூபெரி. 1765-இல் அவர் வெளியிட்ட கதையொன்றைப் புரட்டுகிறோம். ஒற்றைச் செருப்போடு திரிந்த ஏழைச் சிறுமி, இரு செருப்பும் பெற்று மகிழும் கதை. அவள் தந்தை ஏன் மாண்டான்? காய்ச்சல் கண்ட ஊரில் ஜேம்சின் பொடி கிடைக்கவில்லையாம்! அழும் பிள்ளையிடமும் வாணிகம்!

பொடியில் இருந்ததோ ஆண்டிமனி எனும் நச்சுப்பொருள். அக்கதையை எழுதியவர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்பாரும் உளர். நாம் உறுதி கூறோம். ஆயினும், மருத்துவம் பயின்ற அவ்வெழுத்தாளரே 1774-இல் காய்ச்சலுற்றபோது, மருந்தாளர் தடுத்தும் கேளாது அப்பொடியையே உண்டார். சின்னாளில் மாண்டார். பொடி விற்பனையோ அதன் பின்னும் நிற்கவில்லை.