அண்ணனுக்குக் கொடுத்த உயிர்க்கடன்

போன வாரம் மூணாறில் விடாத மழை. வீட்டம்மாவும் பையனும் ஊருக்குப் போயிருந்தார்கள். பையன் டிவியில் செருகி விளையாடும் கேம் ஸ்டிக்கை நோண்டினால், உள்ளே நம்ம காண்ட்ரா! இரண்டு ராத்திரி உட்கார்ந்து எட்டு கட்டத்தையும் முடித்துவிட்டேன். நாற்பத்தஞ்சு வயசு பேங்க் ஆபீசர் பார்க்கிற வேலையா என்று கேட்காதீர்கள் :-)

இனி கொசுவர்த்திச் சுருள். 1993, அருப்புக்கோட்டை. கேசட்டை வாயால் ஊதிச் செருகிவிட்டு நானும் அண்ணனும் உட்காருவோம். அது யார் செய்த ஆட்டம் என்றே எங்களுக்குத் தெரியாது. ஜப்பானின் கொனாமி கம்பெனி, காசு போட்டு ஆடும் மெஷினுக்காக 1987ல் செய்தது. 1988ல் நிண்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. ஐரோப்பாவில் மனிதர்களுக்குப் பதில் ரோபோக்களைப் போட்டு, பெயரையும் 'ப்ரோபோடெக்டர்' என்று மாற்றி விற்றார்கள். நமக்கு வந்ததோ பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்கள். கேசட் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே அதே சில ஆட்டங்கள் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். நான் பார்த்த முதல் பொய்க் கணக்கு அதுதான்.

அப்புறம் அந்த மந்திரம். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. மூன்று உயிர் முப்பதாகிவிடும். இதை உண்டாக்கியவர் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986ல் 'கிராடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவராலேயே ஆட முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்குவழி வைத்தார். அதை எடுக்காமலே ஆட்டம் வெளியே போய்விட்டது. 2020ல் காலமானார். செய்தவருக்கே கஷ்டம்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

முப்பதும் தீர்ந்தாலும் அண்ணன் விடமாட்டான். பட்டனை அழுத்தினால் கூட ஆடுபவனின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்காமலே எடுப்பான். வட்டியில்லாக் கடன், வசூலும் கிடையாது. நான் அழுவேன்.

ஆனால் மூன்றாவது கட்டமான அருவியில் கதை வேறு. அங்கே திரை மேல்நோக்கி நகரும். ஒருவன் வேகமாக ஏறினால், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். அண்ணன் ஒவ்வொரு பாறையிலும் எனக்காக நிற்பான்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அண்ணன் பிளஸ் டூவோடு கடையில் உட்கார்ந்தான். நான் பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, இப்போது மூணாறு என்று ஏறிக்கொண்டே வந்துவிட்டேன். அம்மாவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

கடைசியில் துடிக்கிற அந்த இதயத்தை உடைத்ததும் ஹெலிகாப்டர் கிளம்புகிறது, தீவு வெடிக்கிறது. அவ்வளவுதான். ராத்திரி பதினொன்றரைக்கு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"காண்ட்ராவை முடிச்சுட்டேண்ணே."

"முப்பது உயிரா?"

"ஆமா."

"அருவியில யாரு முன்னால ஏறினது?"

"நான் மட்டும்தாண்ணே ஆடினேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி, தீபாவளிக்கு வரும்போது அதை எடுத்துட்டு வா."