வென்றவருக்குப் பரிசு, மற்றவர்களுக்கு?

வேலை தேடுகிற ஒருவருக்கும் ஆள் தேடுகிற ஒரு கம்பனிக்கும் நடுவில் எப்பவும் ஏதாவது ஒன்று நிற்கும். எங்கட ஊரில் அது பட்டச் சான்றிதழ், இல்லாவிட்டால் "ஆற்ற பிள்ளை?" என்ற கேள்வி. அந்த இடத்தில் எல்லாருக்கும் திறந்த ஒரு போட்டியை வைத்தால் நியாயம் கிடைக்குமா? தரவு விஞ்ஞானிகளையும் கம்பனிகளையும் இணைக்கவென்று 2010இல் மெல்பேர்ணில் தொடங்கிய காகிள் இதைச் செய்துபார்த்தது. அதன் வரலாற்றில் உழைத்தது ஆர், பலன் கண்டது ஆர் என்று பார்ப்பதுதான் எங்கள் நோக்கம்.

பரிசு அறிவித்து மூளையைத் தேடுவது பழைய வழக்கம். நடுக்கடலில் கப்பல் நிற்கும் நெடுங்கோட்டைக் கண்டுபிடிக்கும் வழிக்கு 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 20,000 பவுண் வரை தருவதாகச் சட்டம் போட்டது. அதைச் சாதித்தவர் ஜோன் ஹரிசன். தச்சு வேலை தெரிந்தவர், மணிக்கூடு செய்யத் தானாகப் பழகியவர். ஆனாலும் பரிசைத் தீர்மானித்த சபை அவரை இழுத்தடித்தது. மிச்சக் காசுக்காக அவர் அரசரிடமும் பாராளுமன்றத்திடமும் போக வேண்டியிருந்தது. அது கிடைத்த 1773இல் அவருக்கு வயது 80.

இதையே தரவுக்குக் கொண்டுவந்தது நெட்பிளிக்ஸ். தன்னுடைய படப் பரிந்துரையை 10 சதவீதம் திருத்துகிறவர்களுக்கு 10 இலட்சம் டொலர் என்று 2006இல் அறிவித்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் இறங்கின. 2009இல் ஒரு குழு வென்றது. ஆனால் வென்ற முழு முறையையும் நடைமுறைப்படுத்த ஆகும் வேலைக்கு அது பெறுமதியில்லை என்று சொல்லி, நெட்பிளிக்ஸ் அதைப் பயன்படுத்தவேயில்லை. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

காகிளைத் தொடங்கிய அன்தனி கோல்ட்புளூம் கணினிக்காரர் இல்லை. பொருளியலும் பொருளியலளவையும் படித்து, அவுஸ்திரேலியாவின் திறைசேரியிலும் மத்திய வங்கியிலும் வேலை செய்தவர். கம்பனிகளிடம் தரவு குவிந்து கிடக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள், இரண்டு பகுதிக்கும் ஒன்றையொன்று தெரியாது. இதுதான் அவர் கண்ட இடைவெளி. முதல் போட்டி யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் வாக்குகளை எதிர்வுகூறுவது.

முறை இலேசானது. கம்பனி தரவைத் தரும், விடைகளில் ஒரு பகுதியை ஒளித்து வைக்கும். நீங்கள் அனுப்பும் எதிர்வுகூறலுக்குப் புள்ளி விழும், உங்கள் பெயர் பட்டியலில் ஏறும். பாஸ்ட் பேப்பர் மாதிரி, தெரிகிற புள்ளிக்கு ஏற்றபடி செய்தவர்கள் கடைசியில் ஒளித்து வைத்த விடைகளில் சறுக்குவார்கள். பட்டம், ஊர், வயது ஒன்றையும் அந்தப் பட்டியல் கேட்காது. நியாயம் இருந்தது, உண்மைதான்.

2011இல் 1 கோடி 10 இலட்சம் டொலர் முதலீடு வந்தது, நிறுவனமும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. அதே வருடம் ஹெரிட்டேஜ் ஹெல்த் போட்டி தொடங்கியது. அடுத்த வருடம் எந்த நோயாளி எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று கணிக்க வேண்டும். பெரும் பரிசு 30 இலட்சம் டொலர். 2013இல் முடிந்தபோது வைத்த இலக்கை ஒருவரும் எட்டவில்லை. முதலிடம் வந்த குழுவுக்கு 5 இலட்சம் கிடைத்தது. மற்றவர்களின் இரண்டு வருட இரவுகளுக்குக் கிடைத்தது பட்டியலில் ஓரிடம்.

போட்டி நடத்திக் கொடுப்பதால் மட்டும் கம்பனி வளராது என்று காகிளுக்கும் விளங்கியது. அதனால் 2013இல், மேலிடங்களில் இருந்தவர்களைக் கம்பனிகளுக்கு ஆலோசகர்களாக நேரடியாகவே இணைக்கத் தொடங்கியது. பிறகு எண்ணெய், எரிவாயுத் துறையில் கவனத்தைக் குவித்தது. அதுவும் சரிவரவில்லை. 2014 தொடக்கத்தில் ஊழியர்களில் மூன்றிலொரு பங்கினரளவில் வேலை இழந்தார்கள்.

ஏன் சரிவரவில்லை? எங்கள் வாசிப்பு இது: போட்டியில் கேள்வி ரெடியாக இருக்கும், தரவு துப்புரவாக இருக்கும். கம்பனிக்குள்ளோ கேள்வி என்னவென்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அங்க இருக்கிற ஆட்களோட கதைக்க வேணும், அவர்கள் நம்ப வேணும். நெட்பிளிக்ஸ் கதையும் இதைத்தான் காட்டியது. புள்ளி அந்த வேலையை அளப்பதில்லை.

காகிளைக் காப்பாற்றியது அந்த ஆட்களின் கூட்டம். தரவுத் தொகுப்புகளைப் பகிரவும், எழுதிய நிரலை எல்லாருக்கும் காட்டவும் தளம் இடம் கொடுத்தது. தோற்றவர்களும் தாங்கள் செய்ததை விளக்கி எழுதினார்கள், புதியவர்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள். 2017 மார்ச்சில் கூகுள் காகிளை வாங்கியது, விலையை வெளியில் சொல்லவில்லை. அதே வருடம் உறுப்பினர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. கூகுள் வாங்கியதில் பெரும்பங்கு அந்தக் கூட்டம்தான். கூட்டத்துக்கு அதில் பங்கில்லை.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. பொருளியல் படித்தவர் தொடங்கிய தளத்தில் நாங்களும் போய்ப் பழகலாம், பழகவும் வேணும். ஆனால் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைக்க நல்ல மடிகணினியும் இணையமும் வேண்டும், பின்னேரம் வேலைக்குப் போகத் தேவையில்லாத ஒரு வீடும் வேண்டும். வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, வாசல் வரை வரும் பஸ்காசு எல்லாரிடமும் இல்லை.

இப்ப இங்கயும் ஹக்கத்தோன், ஐடியாப் போட்டி என்று கனக்க நடக்கின்றன. பெயர் கொடுக்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள். தோற்றவர்களின் வேலை கடைசியில் ஆரிடம் போய்ச் சேரும்? போட்டி முடிந்தபிறகு சம்பளத்தோட வேலை இருக்கா?