அவ்வையின் பெயரில் ஒரு வீடு

பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நாம் பெரும்பாலும் அந்தச் சட்டத்தை முன்வைத்தே நினைவுகூர்கிறோம். எனக்கு 1930 அதைவிட முக்கியமான ஆண்டு. தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று சிறுமிகள் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். 'தாசி வீட்டுப் பெண்கள்' என்று விடுதியில் அவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். தன் தாய் சந்திரம்மாளின் பிறப்பு வழியாக அந்த இழிசொல்லின் கூர்மையை அறிந்தவர் முத்துலட்சுமி. அச்சிறுமிகளைப் போன்றவர்களுக்காக அவர் தொடங்கியதுதான் அவ்வை இல்லம்.

அந்தப் பெயர் என்னை யோசிக்க வைக்கிறது. மணவாழ்வுக்குத் தப்ப, பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றவள் அவ்வை என்பது செவிவழிக் கதை. தன் விருப்பப்படி வாழ ஒரு பெண் இளமையையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அவ்வை இல்லம் அந்த விலையைக் கேட்கவில்லை. இளமையே ஆபத்தாகிவிட்ட பெண்களுக்கு அது தங்க இடமும் கல்வியும் தந்தது. சட்டம் வர இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்தச் சிறுமிகள் வளர்ந்துவிட்டிருப்பார்கள்.